எல்டன் ரிங்: முதல் 40 லெவலுக்குப் புள்ளிகளை எங்கே போடுவது, சண்டையை எப்படிப் பிடிப்பது

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமைப் புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் மார்கிட் என்றொரு பாஸ், அதாவது பெரிய எதிரி. அவன் தடி மூன்று முறை பட்டால் ஆள் காலி. லெவல் என்னவோ 20-ஐத் தாண்டியிருக்கும். ஆனால் புள்ளிகளைப் பார்த்தால் ஸ்ட்ரெங்த்தில் நாலு, டெக்ஸ்டெரிட்டியில் நாலு, மந்திரமும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று இன்டெலிஜென்ஸில் மூன்று. ஆயுதம் கையில் கிடைத்த அன்று இருந்தபடியே இருக்கும். கனமான கவசம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடிக்குத் தப்ப உருளச் சொன்னால் அரிசி மூட்டை சரிவதுபோல் ஆள் சரிவார்.

இதில் கைத்திறமைக் குறை பாதிகூட இல்லை. மீதியெல்லாம் கணக்குப் பிழை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இந்த விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும். 2022 பிப்ரவரியில் வெளிவந்த மூல விளையாட்டில் தொடக்கப் பகுதியான லிம்கிரேவிலிருந்து ராயா லுகேரியா என்ற மந்திரக் கல்விக்கூடம் வரை, அதாவது சுமார் 40 லெவல் வரை போவதற்கான வழி கீழே.

எட்டு எண்கள்

விகர் என்பது உயிர். மைண்ட் என்பது எஃப்.பி., மந்திரத்துக்கும் ஆயுத வித்தைக்கும் செலவாகும் நீலப் பட்டை. எண்டியூரன்ஸ் இரண்டு வேலை பார்க்கும்: அடிக்கவும் உருளவும் செலவாகும் ஸ்டாமினாவைக் கூட்டும், சுமக்கும் திறனையும் கூட்டும். மற்ற ஐந்தும், அதாவது ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்கேன் ஆகியவை முதன்மையாக அடியின் பலத்துக்கானவை. ஒரு ஆயுதத்தையோ மந்திரத்தையோ பயன்படுத்தக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதும் இந்த ஐந்தில்தான் கேட்கப்படும்.

விகரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது அதில்தான். விகர் 15-இல் உயிர் 522. விகர் 25-இல் 800. விகர் 40-இல் 1450. விகர் 60-இல் 1900. உச்சமான 99-இல் 2100. 25-லிருந்து 40 வரை ஒவ்வொரு புள்ளிக்கும் சராசரியாக 43 உயிர் கிடைக்கிறது. 60-க்குப் பிறகு புள்ளிக்கு 5 தான். ஆக, இந்த எண் ஆரம்பத்தில் சற்று மந்தமாக ஏறி, நடுவில் வேகமெடுத்து, 60-இல் படுத்துவிடுகிறது. 20-ஐத் தொட்டதும் "பெரிதாக ஒன்றும் ஏறவில்லையே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நல்ல பலன் தருகிற பகுதியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதற்கு மாறாக, ஸ்ட்ரெங்த்தில் ஒரு புள்ளி போட்டால் தொடக்கத்தில் அடி ஒன்றோ இரண்டோதான் கூடும். காரணம், ஆயுதத்தின் அடி என்பது அதன் அடிப்படை எண்ணும், அந்த எண்ணின் மேல் நம் புள்ளி சேர்க்கும் கூடுதலும். அடிப்படை சின்னதாக இருக்கும்போது கூடுதலும் சின்னது. ஆயுதத்தைப் பட்டறைக் கல் (ஸ்மிதிங் ஸ்டோன்) வைத்து உயர்த்தினால் அடிப்படையும் ஏறும், கூடுதலும் ஏறும். அதனால் வரிசை இப்படி: ஆயுதம் கேட்கும் குறைந்தபட்சத்தை எட்டுங்கள், பிறகு ஆயுதத்தைக் கற்களால் உயர்த்துங்கள், வரும் புள்ளிகளில் பாதியை விகரில் போடுங்கள். அடிக்கான புள்ளிகள் அதற்குப் பிறகு.

எந்த வகுப்பு?

பத்து வகுப்புகள் உண்டு. வகுப்பு என்பது தொடக்கப் புள்ளிகளும் தொடக்கச் சாமான்களும்தான். வேகபாண்டாகத் தொடங்கி மந்திரவாதியாக முடிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். யாருக்கும் கூடுதல் புள்ளியும் இல்லை. எட்டு எண்களையும் கூட்டி 79-ஐக் கழித்தால் லெவல் வரும், எல்லா வகுப்புக்கும் அதே கணக்கு. வேகபாண்டின் கூட்டுத்தொகை 88, லெவல் 9. அஸ்ட்ராலஜர் 85, லெவல் 6. எல்லாமே 10 என்று நிற்கும் ரெட்சுக்கு 80, லெவல் 1. கையில் ஒரு தடி மட்டும், உடம்பில் துணியும் கிடையாது. லெவல் 1 என்பதால் சுலபமாக வளரும் என்று நினைத்து அதைத் தொடாதீர்கள். அது விளையாட்டை ஏற்கெனவே முடித்தவர்களுக்கானது.

வகுப்புக்கு வகுப்பு வேறுபடுவது, நாம் ஒருபோதும் பயன்படுத்தப்போகாத எண்ணில் எத்தனை புள்ளி முடங்கிக் கிடக்கிறது என்பதுதான். வாளோடு மட்டும் ஆடப்போகிறவருக்கு இன்டெலிஜென்ஸில் கிடக்கும் 14 தண்டம்.

புதியவர்களுக்கு மூன்றே மூன்றுதான் சிபாரிசு. வேகபாண்ட், சாமுராய், அஸ்ட்ராலஜர். மூன்றில் எது என்று தெரியாவிட்டால் வேகபாண்ட். மந்திரம் கலக்காத நேரடி அடியை நூற்றுக்கு நூறு தடுக்கும் கேடயம், வாள், நீளமான ஹால்பர்டு எல்லாம் கையோடு வருகின்றன. விகரும் 15-இல் தொடங்குகிறது, பத்து வகுப்புகளில் அதுதான் அதிகம்.

கூடவே ஒரு தொடக்கப் பரிசு கேட்பார்கள். கோல்டன் சீடை எடுங்கள். உயிரையும் (சிவப்பு) எஃப்.பி.யையும் (நீலம்) மீட்டுத் தரும் குடுவையில் ஒரு மடக்கு கூடும். வேறு எது எடுத்தாலும் குற்றமில்லை. இதில் நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

ஆயுதம்: கல், எழுத்து, எடை

ஆயுதத்தின் விவரப் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு எழுத்து இருக்கும். ஈ மிகக் குறைவு, பிறகு டி, சி, பி, ஏ, எஸ் என்று ஏறும். அந்த எண்ணில் போடும் புள்ளி எவ்வளவு அடியாக மாறும் என்பதே அந்த எழுத்து. ஆயுதத்தை உயர்த்த உயர்த்த எழுத்தும் மாறலாம்.

தேவைப்படும் ஸ்ட்ரெங்த் இல்லையே என்று ஒரு நல்ல வாளைத் தூக்கிப் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். வேகபாண்டின் 14 இரண்டு கையில் 21 ஆகிவிடும். லிம்கிரேவுக்குத் தெற்கே உள்ள வீப்பிங் பெனின்சுலாவின் தென்கோடியில் மோர்ன் கோட்டையில் கிடைக்கும் கிளேமோர் 16 ஸ்ட்ரெங்த்தும் 13 டெக்ஸ்டெரிட்டியும் கேட்கும். வேகபாண்ட் ஒரு புள்ளியும் போடாமல் அதைத் தூக்கலாம். புதியவர்களுக்கு அதைவிட வசதியான பெருவாள் அந்தப் பக்கத்தில் இல்லை. அதன் கன அடி ஒரு குத்து. வாளை வீசினால் சுவரில் மோதித் தெறிக்கும் குறுகலான சுரங்கங்களில் அதன் அருமை தெரியும்.

இனி கற்கள். சாதாரண ஆயுதங்கள் +25 வரை உயரும், சிறப்பு ஆயுதங்கள் +10 வரை. சாதாரண ஆயுதத்தை +1 ஆக்க முதல் தரக் கல் 2, +2-க்கு 4, +3-க்கு 6. ஆக மொத்தம் 12 கல். +4 முதல் +6 வரை இரண்டாம் தரக் கல், அதே 2, 4, 6 கணக்கில். இப்படியே ஏறிக்கொண்டு போய், கடைசி +25-க்கு மட்டும் பழம்பெரும் டிராகன் கல் ஒன்று. சிறப்பு ஆயுதத்துக்கு வேறு வகைக் கல், சோம்பர் கல். படிக்கு ஒன்றே போதும்.

எல்லே தேவாலயத்தில் உள்ள சிறு பட்டறை மேசை +3-க்கு மேல் போகாது. அதற்கு மேல், வீரர்கள் கூடும் தளமான ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் கொல்லன் ஹியூக்கிடம் போக வேண்டும். முதல் 12 கல்லுக்கு லிம்கிரேவ் சுரங்கம் நல்ல இடம். ஏரிக்கு வடக்கே இருக்கிறது. அங்கே சுவரைக் கொத்திக்கொண்டிருக்கும் சுரங்கக்காரர்களின் தோல் கல் மாதிரி. வாளால் வெட்டினால் தீப்பொறிதான் பறக்கும். ஒரு கதாயுதத்தையோ தடியையோ எடுத்துப்போனால் சட்டென்று விழுவார்கள். இந்த விளையாட்டில் நேரடி அடியே நான்கு விதம்: சாதாரண அடி, நசுக்கும் அடி, வெட்டு, குத்து. பின்னால் வரும் படிக மனிதர்களுக்கும் நசுக்கும் அடிதான் மருந்து. அதற்காகவே +3-இல் ஒரு தடியை மூட்டையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

எல்லா ஆயுதத்தையும் கொஞ்சம் கொஞ்சம் உயர்த்தாதீர்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மார்கிட் வாசலுக்கு +3 இல்லாமல் போவது வெறுங்கையோடு முழம் போடுகிற கதை.

கேட்ஃபிரண்ட் இடிபாடுகளின் நிலவறைப் பெட்டியில் ஒரு சாணைக் கத்தி இருக்கிறது. அது கிடைத்த பிறகுதான் ஆயுதங்களின் வித்தைகளை மாற்ற முடியும். ஸ்டார்ம்வெயிலுக்குள் முத்திரைக் கதவுக்குப் பின்னால் இரும்புச் சாணை ஒன்று உண்டு, திறக்க ஒரு ஸ்டோன்ஸ்வோர்டு சாவி வேண்டும். அது கிடைத்ததும் ஆயுதத்தை ஹெவி என்றோ கீன் என்றோ மாற்றலாம். ஹெவி ஆக்கினால் ஸ்ட்ரெங்த் எழுத்து கூடும், கீன் ஆக்கினால் டெக்ஸ்டெரிட்டி எழுத்து கூடும். இரண்டிலும் புள்ளியைப் பிரித்துப் போட வேண்டிய கட்டாயம் அத்தோடு தீர்ந்தது.

எடை விஷயம் சின்னதுதான், ஆனால் உயிரை வாங்கும். மொத்தச் சுமைத் திறனில் 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் லேசான உருளல், 70-க்குக் கீழே நடுத்தரம், 70-ஐத் தொட்டால் கனம். திறன் 50 என்றால் 35-ஐ எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கன உருளலில் எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். நடுத்தரம் போதும். லேசான உருளலுக்காகக் கவசத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கைப்பகுதியில் மாட்டியிருக்கும் ஆயுதங்கள் எல்லாம், பயன்படுத்தாவிட்டாலும், எடையில் சேரும். மூட்டைக்குள் கிடப்பவை சேராது. வேகபாண்ட் செய்ய வேண்டிய முதல் காரியம், ஹால்பர்டு அல்லது வாள், இரண்டில் ஒன்றைக் கழற்றுவது.

மூன்று கட்டமைப்புகள், லெவல் 40-இல்

பெருவாள் வேகபாண்ட். 9-லிருந்து 40 வரை கிடைப்பது 31 புள்ளி. விகர் 15-லிருந்து 30, எண்டியூரன்ஸ் 11-லிருந்து 18, ஸ்ட்ரெங்த் 14-லிருந்து 22, டெக்ஸ்டெரிட்டி 13-லிருந்து 14. மற்றவற்றைத் தொடவே வேண்டாம். ஆயுதம் கிளேமோர். அதுவரை தொடக்க வாள், அல்லது கேட்ஃபிரண்டில் நிற்கும் வண்டிப் பெட்டியில் கிடைக்கும் லார்ட்ஸ்வோர்ன் பெருவாள். குடுவைகளில் ஒன்றை மட்டும் நீலமாக வைத்து, மற்ற எல்லாம் சிவப்பு.

இதில் வரும் ஒரு குழப்பம்: இடக்கையில் கேடயம் இருக்கும்போது வித்தைப் பொத்தானை அமுக்கினால் வாளின் வித்தை வராது, கேடயத்தின் வித்தைதான் வரும். பொத்தான் கெட்டுவிட்டதோ என்று தேடுபவர்கள் ஏராளம். வாளை இரண்டு கையால் பிடித்தால் வாளின் வித்தை வரும். இல்லையென்றால் வார்மாஸ்டர் குடிலில் இருக்கும் பெர்னாலிடம் "நோ ஸ்கில்" வாங்கிக் கேடயத்தில் ஏற்றுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இரத்தப்போக்குச் சாமுராய். இங்கேயும் 31 புள்ளி. விகர் 12-லிருந்து 27, மைண்ட் 11-லிருந்து 13, எண்டியூரன்ஸ் 13-லிருந்து 17, டெக்ஸ்டெரிட்டி 15-லிருந்து 25. தொடக்கத்திலேயே வரும் உச்சிகடானா வாளுக்கு இரத்தப்போக்கு உண்டு. வெட்ட வெட்ட எதிரிக்குள் ஒரு பட்டை கண்ணுக்குத் தெரியாமல் நிரம்பும். நிரம்பியதும் எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கு சட்டென்று வெடித்துப் போகும். உயிர் அதிகமுள்ள பாஸ்களிடம் இது கொண்டாட்டம். இரத்தமே இல்லாத எலும்புக்கூடுகளிடமும் கல் பூதங்களிடமும் செல்லாது. வெட்டாமல் விலகியே நின்றால் நிரம்பிய அளவும் கரைந்துவிடும். ஆகவே இந்தக் கட்டமைப்புக்கு நெருங்கி நிற்கும் பழக்கம் வேண்டும்.

ஸ்டார்ம்ஹில்லில் டெத்டச்ட் நிலவறைக் கல்லறையில் இன்னொரு உச்சிகடானா இருக்கிறது. இரண்டு கையிலும் ஒரே வகை ஆயுதம் மாட்டினால் இடப் பொத்தானில் இரண்டும் சேர்ந்து வெட்டும். இரத்தப்போக்கு இரு மடங்கு வேகத்தில் ஏறும். ஆனால் தடுக்கக் கேடயம் இருக்காது, ஸ்டாமினாவும் கரையும், கற்களும் இரண்டுக்கும் தேவை. லெவல் 30-க்கு முன் ஒற்றை வாளே நல்லது.

அஸ்ட்ராலஜர். 6-லிருந்து 40 வரை 34 புள்ளி. விகர் 9-லிருந்து 22, மைண்ட் 15-லிருந்து 20, எண்டியூரன்ஸ் 9-லிருந்து 11, இன்டெலிஜென்ஸ் 16-லிருந்து 30. தொடக்க மந்திரமான கிளிண்ட்ஸ்டோன் பெபிளுக்கு 7 எஃப்.பி. ஆகும். மைண்ட் 15-இல் 95 எஃப்.பி. இருப்பதால் 13 முறை எறியலாம். பெரும்பாலான சின்னச் சண்டைக்கு அது தாராளம். அதனால் மைண்டில் அவசரப்பட்டுக் கொட்ட வேண்டாம், குடுவைகளில் பாதியை நீலமாக்கினால் சமாளிக்கலாம்.

மந்திரவாதிக்கு முதல் பெரிய பரிசு லிம்கிரேவுக்குக் கிழக்கே உள்ள கேலிட் பகுதியில் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடுகளில் ஒரு சடலத்தில் மீட்டியோரைட் மந்திரக்கோல். அதே இடிபாடுகளின் நிலவறையில் ராக் ஸ்லிங் மந்திரம். இரண்டுக்கும் இன்டெலிஜென்ஸ் 18 போதும். கோலின் எழுத்து எஸ். அதை உயர்த்த முடியாது, அதனால் கல் செலவும் இல்லை. ராக் ஸ்லிங் தருவது மந்திர அடி அல்ல, நேரடி அடி. மந்திரம் செல்லாத எதிரிகளுக்கு அதுதான் கை கொடுக்கும். ஆனால் அந்தச் சிவப்புச் சதுப்பில் யாரோடும் சண்டை போடாதீர்கள். எடுங்கள், கிளம்புங்கள். கேலிடுக்குப் போக, லிம்கிரேவ் ஏரிக்கரை டிராகன்-பர்ண்ட் இடிபாடுகளில் ஒரு பெட்டி குறுக்கு வழி. திறந்தால் புகை வந்து நேராக செலியா படிகச் சுரங்கத்தில் கொண்டுபோய் விடும். தெரியாமல் திறந்தவர்களுக்கு அது பொறி, ஏனென்றால் வெளியே வரும்வரை வரைபடத்தில் தாவ முடியாது. எதிரிகளைக் கொன்றால் கிடைத்து, லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் செலவாவது ரூன். போகுமுன் கையிலுள்ள ரூன்களைச் செலவழித்துவிடுங்கள்.

ஃபெய்த் வழி பிற்பாடு பலமானது, ஆரம்பத்தில் பொறுமையைச் சோதிக்கும். ஆசைப்பட்டால் கன்ஃபெஸராகத் தொடங்கி, ரவுண்ட்டேபிளில் கோரினிடம் பிரார்த்தனைகள் வாங்குங்கள், முதல் 20 லெவல் வாளால் ஓட்டுங்கள்.

சண்டை

உருளும் பொத்தான் அமுக்கும்போது வேலை செய்யாது, விடும்போதுதான் வேலை செய்யும். அதே பொத்தானைப் பிடித்துக்கொண்டால் ஓட்டம் என்பதால் இந்த ஏற்பாடு. "சரியாகத்தான் அமுக்கினேன், ஆனாலும் பட்டது" என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். தட்டுங்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று: பதற்றத்தில் மூன்று முறை தட்டினால் விளையாட்டு அந்தத் தட்டலை நினைவில் வைத்துக்கொண்டு, முதல் உருளல் முடிந்ததும் அடுத்ததையும் உருள வைக்கும். அந்த இரண்டாவது உருளல் நேராக அடியில் போய் முடியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஓர் அடிக்கு ஓர் உருளல்.

எந்தப் பக்கம் உருள்வது? பின்னால் போவதுதான் இயல்பாக வரும், பெரும்பாலும் அதுதான் தவறு. பாஸ்களின் ஆயுதம் நீளம். பின்னால் உருண்டவரின் காலடியில் அடுத்த வீச்சு வந்து இறங்கும். எதிரியின் கைக்கு அடியில், முன்பக்கமாகச் சாய்ந்து உருண்டால் அவன் முதுகுப்பக்கம் போய் நிற்பீர்கள், திருப்பி அடிக்க இரண்டு நொடி கிடைக்கும்.

கேடயக்காரர்களுக்கு எதிர்த்தாக்குதல் இருக்கிறது. அடியைத் தடுத்த மறுகணம் கன அடிப் பொத்தானை அமுக்கினால் வேகமான கனத்த அடி விழும். குறுக்கே வரும் சாதாரண வீரர்களை இதை வைத்தே தீர்க்கலாம். குதித்துக் கன அடி அடிப்பதும் அதே மாதிரி. இரண்டும் உயிரைக் குறைப்பதோடு எதிரியின் நிலைகுலைவையும் ஏற்றும். இந்தக் கணக்குக்குத் திரையில் பட்டை கிடையாது. ஏறி முடிந்ததும் ஒரு உடையும் ஓசையோடு எதிரி மண்டியிடுவான். அப்போது முன்னால் போய், மற்றப் பொத்தான்களை விட்டுவிட்டு, சாதாரண அடிப் பொத்தானை ஒருமுறை தட்டினால் பெரும் குத்து. சற்று நேரம் அடிக்காமல் விட்டால் அந்தக் கணக்கு இறங்கிவிடும் என்பதால், பெருவாள் வைத்திருப்பவர்கள் நாலு சாதாரண அடியை விட இரண்டு குதி அடிக்குக் காத்திருப்பதே லாபம்.

ஸ்டாமினாவை முழுக்கத் தீர்க்காதீர்கள். பச்சைப் பட்டையில் ஓர் உருளலுக்கு எப்போதும் மீதி இருக்க வேண்டும். இரண்டு அடி அடித்துவிட்டு மூன்றாவதுக்கு ஆசைப்படும் இடத்தில்தான் பெரும்பாலான சாவுகள்.

சண்டையில் துணைக்கு ஆவிகளை அழைப்பது ஏமாற்று அல்ல, விளையாட்டின் பாகம். டாரண்ட் குதிரை கிடைத்த பிறகு எல்லே தேவாலயத்துக்குத் திரும்பினால் ரென்னா என்பவள் மணியும் மூன்று ஓநாய் ஆவிகளும் தருவாள். தவறவிட்டால் ரவுண்ட்டேபிளின் இரட்டைப் பெண்களிடம் வாங்கலாம். ஓநாய்களை அழைக்க 55 எஃப்.பி. வேண்டும். மைண்ட் 10 உள்ள வேகபாண்டுக்கு 78 இருப்பதால் ஒரு முறைக்குப் போதும். அழைத்ததும் ஒரு நீலக் குடுவை குடித்தால் வித்தைக்கும் மிச்சம் வந்துவிடும். ஒரு நீலம் வைக்கச் சொன்னது அதற்குத்தான்.

மார்கிட்டிடம் போகுமுன்

கோட்டையை விட்டுவிட்டு முதலில் தெற்கே வீப்பிங் பெனின்சுலாவை முடித்துவிடுங்கள். அங்கே மூன்று தேவாலயங்களில் மூன்று சேக்ரட் டியர் கிடைக்கும். ஒவ்வொன்றும் குடுவையின் எல்லா மடக்கையும் வலுவாக்கும். லிம்கிரேவின் கிழக்கே மூன்றாம் மரிக்கா தேவாலயத்தில் இன்னொன்றும், கலவைக் குடுவையும் இருக்கின்றன. லெவல் 25 பக்கம், ஆயுதம் +3, விகர் 20-க்கு மேல். இது இருந்தால் மார்கிட் நியாயமான சண்டை.

1. மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவன் சண்டைக்கு வருவான். பாதியில் சரணடைவான், அடிப்பதை நிறுத்துங்கள். பிறகு அவன் கடை விரிப்பான். அவனிடம் 5000 ரூனுக்கு மார்கிட்டின் விலங்கு கிடைக்கும். சண்டையின் முதல் பாதியில் அதைப் பயன்படுத்தினால் மார்கிட் தரையோடு கட்டுண்டு கிடப்பான். இரண்டு முறைதான் பலிக்கும்.

2. வாசல் பனித்திரைக்கு முன் மிச்ச ரூன்களைத் தீர்த்துவிட்டு நுழையுங்கள். செத்தால் ரூன் அங்கேயே கிடக்கும், எடுக்கப் போகும்போது மறுபடி செத்தால் உள்ளதும் போச்சு.

3. நுழைந்ததும் ஓநாய்களை அழையுங்கள். மார்கிட் அவற்றின் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து குதி அடி.

4. அவன் தடியை ஓங்கியதும் உருளாதீர்கள். ஓங்கியபடியே ஒரு மூச்சு நிறுத்தி வைப்பான், முந்தி உருண்டவரைப் பிடிப்பதற்காகவே அந்த நிறுத்தம். தடியை விட்டுவிட்டு அவன் தோளைப் பாருங்கள். கை கீழே இறங்கத் தொடங்கும்போது தட்டுங்கள்.

5. தூரத்தில் நின்று குடுவை குடித்தால் பொன்னிறக் கத்தியை எறிவான். அவன் ஒரு நீளமான வீச்சை முடித்த உடனேயோ, ஓநாயைத் துரத்தும்போதோ குடியுங்கள்.

6. உயிர் பாதியை நெருங்கும்போது பொன்னிறச் சம்மட்டி வரும். உயரக் குதித்து அதை இறக்கும்போது நிழல் மேலே வரும்வரை பொறுத்து, முன்பக்கம் உருளுங்கள். அவன் எழுவதற்குள் ஓர் அடிக்கு நேரம் உண்டு. இரண்டுக்கு இல்லை.

அஸ்ட்ராலஜர்கள் தள்ளி நின்று எறியலாம் என்று நம்பி வருவார்கள். அவன் ஒரே பாய்ச்சலில் இடைவெளியைக் கடந்துவிடுவான். ஓநாய்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு பெபிள் எறிந்து, பக்கவாட்டில் நாலடி நடந்து, மறுபடி ஒன்று. தொடர்ந்து மூன்று எறிய ஆசைப்படக் கூடாது.

40-க்குப் பிறகு

விகரை 40-க்குக் கொண்டுபோவதே அடுத்த வேலை. பிறகு அடிக்கான எண்ணை 50, 60 என்று ஏற்றிக்கொண்டே விகரையும் 60-ஐ நோக்கி நகர்த்துங்கள். அடிக்கான எண்களும் 60-க்குப் பிறகு மெதுவாகும், 80-க்குப் பிறகு பெயருக்குத்தான் ஏறும்.

போட்ட புள்ளிகள் பிடிக்கவில்லையென்றால் திருப்ப வழி உண்டு. ராயா லுகேரியாவில் ரென்னாலா என்ற பாஸை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற அரிய பொருள் ஒன்றைக் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளையும் கலைத்து மறுபடி போட்டுத் தருவாள். மூல விளையாட்டில் மொத்தம் 18 தான் கிடைக்கும், கடையில் அள்ளிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கலைத்தாலும் தொடக்க வகுப்பின் எண்ணுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. சாமுராயாகத் தொடங்கியவரின் டெக்ஸ்டெரிட்டி 15, கடைசி வரை 15-க்குக் கீழே இறங்காது.